தங்க வேலுக்கு உபயக்காரர் உண்டு, புல்லு மிஷினுக்கு ஒரு கண்ணாடி வாங்கித் தர ஆள் இல்லை



இது நீளமான பதிவு. வாட்சாப் குழுவில் சொல்லிப் பார்த்தோம். நாலு பேர் கும்பிடுற படத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறோம். திட்டுறதா இருந்தாலும் பரவாயில்லை, முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

நாங்கள் கிள்ளானில் ஒரு கோயிலின் உழவாரக் குழு. எந்தக் கோயில் என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இது ஒரு கோயிலின் கதை இல்லை. கிள்ளான், காப்பார், பந்திங், பிரிக்பீல்ட்ஸ் என்று எங்கே போனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே காட்சிதான். வயசான ஒரு அண்ணன், காலில் ஜப்பான் சிலிப்பர், தலையில் ஒரு துண்டு, தோளில் புல் வெட்டும் மிஷின். கண்ணுக்குக் கண்ணாடி கிடையாது. காதுக்கு ஒன்றும் கிடையாது. காலுக்கு பூட்ஸ் கிடையாது. நாம் அர்ச்சனைத் தட்டோடு அவரைத் தாண்டிப் போகிறோம். "பாவம், நல்ல மனுஷன், சாமிக்கு எவ்வளவு செய்றாரு" என்று சொல்லிக்கொண்டே போகிறோம்.

எங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். வயசு 63. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். நாங்கள் எல்லாரும் அவரை மண்டோர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். வாழ்க்கையில் ஒரு நாள்கூட மண்டோராக இருந்தவர் இல்லை, அவர் நடை அப்படி. ஆண்டுத் திருவிழாவுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, பின்பக்க மதில் ஓரமாகப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். நைலான் கயிறு எதையோ அடித்தது. 'டக்'குன்னு ஒரு சத்தம். அண்ணன் மிஷினைக் கீழே விட்டுட்டு இடது கண்ணைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்துட்டாரு.

அடித்தது கல் இல்லை. தேங்காய் ஓட்டுச் சில்லு. போன விசேஷத்துக்கு நாம் உடைத்த சிதறுகாயின் சில்லு.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஆபரேஷன் நடந்தது. கண் இருக்கிறது, பார்வை முழுசாகத் திரும்பவில்லை. இன்றைக்கு அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் முகம் தெரியாது. வார்டில் படுத்துக்கொண்டு அண்ணன் எங்களிடம் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "தம்பி, வெளிய யாருகிட்டயும் சொல்லாதீங்க. கோயில் பேரு கெட்டுப் போயிடும்."

அவர் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறோம். பேர் மட்டும் வேண்டாம் என்றார்.

முதல் குற்றவாளி நாங்கள்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்த மிஷினில் கயிறு சுற்றும் தலைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் மறைப்பு வரும். அதைக் கழற்றிப் போட்டது எங்கள் குழுதான். "மறைப்பு இருந்தா புல்லு மாட்டிக்குது, கயிறை நீளமா விட முடியல, வேலை லேட்டாவுது" என்று சொல்லிக் கழற்றினோம். அது இன்னமும் ஸ்டோர் ரூமில், பழைய பந்தல் துணிக்கு அடியில் கிடந்தது. அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அதைத் தேடி எடுத்தோம். கையில் வைத்துக்கொண்டு எங்களில் ஒருத்தர்கூடப் பேசவில்லை.

அந்த மிஷின் என்ன செய்கிறது என்று ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. கயிறுதானே என்று நினைக்கிறோம். தலை நிமிஷத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றினால், 20 சென்டிமீட்டர் நீளக் கயிற்றின் நுனி மணிக்கு 450 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், அவ்வளவுதான் வரும். அந்த வேகத்தில் போகிற நுனி ஒரு சில்லைத் தட்டினால் அது எங்கே போகும்? வெட்டுகிறவர் கண்ணுக்குப் போகும். இல்லையென்றால் மதிலுக்கு வெளியே நிற்கிற கார் கண்ணாடிக்குப் போகும். இல்லையென்றால், சொல்லவே நாக்கு கூசுது, பிரகாரத்தில் ஓடி விளையாடுகிற பிள்ளைக்குப் போகும். மிஷினோடு வரும் புத்தகத்தில் 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது என்று படம் போட்டே காட்டியிருப்பான். நம் கோயில்களில் 15 மீட்டருக்குள் அன்னதானப் பந்தியே நடக்கும்.

இந்தக் கயிறு மிஷின் ஒன்றும் ஆதிகாலத்துச் சாமான் இல்லை. 1971-ல் அமெரிக்காவில், ஹியூஸ்டன் நகரத்தில், ஜார்ஜ் பல்லாஸ் என்பவர் கார் கழுவுகிற இடத்தில் சுற்றும் பிரஷ்களைப் பார்த்து யோசனை பிடித்தார். ஒரு தகர டப்பாவில் தூண்டில் கயிற்றைக் கட்டிச் சுழல விட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார். மரத்தின் பட்டை காயம்படாமல் சுற்றியிருக்கும் புல்லை மட்டும் வெட்டணும் என்பதுதான் அவர் நோக்கம். மரத்துக்குக் காயம் படக்கூடாது என்று கண்டுபிடித்த சாமானை வைத்துத்தான் நாம் மனுஷன் கண்ணை எடுத்திருக்கிறோம்.

இப்போது நம்மவர்கள் சொல்லும் பதில்களுக்கு வருவோம்.

"சாமி வேலை. சாமி பார்த்துக்கும்."

இதைத்தான் முதலில் சொல்வார்கள். அப்பர் சுவாமிகளைக் கும்பிடுகிறவர்கள் நாம். அவர் கையில் என்ன இருக்கிறது என்று எப்போதாவது உற்றுப் பார்த்தோமா? நால்வர் சன்னதியில் திருநாவுக்கரசர் தோளில் சாய்த்துப் பிடித்திருப்பது உழவாரப் படை. கோயில் கோயிலாக நடந்து, முளைத்த புல்லையும் செடியையும் செதுக்கிச் சுத்தம் செய்த கருவி. நாம் 'உழவாரப் பணி' என்று பெருமையாகப் பேனர் அடிக்கிறோமே, அந்த வார்த்தையே அங்கிருந்து வந்ததுதான். இன்றைக்கு மண்டோர் அண்ணன் தோளில் தொங்கும் பெட்ரோல் மிஷின்தான் இந்தக் காலத்து உழவாரம்.

திருப்புகலூரில் அப்பர் உழவாரம் செய்த இடத்தில் பொன்னும் மணியும் கிடந்ததாகப் பெரிய புராணம் சொல்கிறது. அவர் அதைப் பருக்கைக் கல்லோடு சமமாக நினைத்து, உழவாரத்தாலேயே அள்ளிக் குளத்தில் எறிந்தார். அவருக்குப் பொன்னும் கல்லும் ஒன்று. நமக்கு? பொன் என்றால் ரசீது, கல்வெட்டு, மாலை மரியாதை. கல்லைப் பொறுக்குவதற்கு ஆள் இல்லை. அப்பர் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு 'சாமி பார்த்துக்கும்' என்று நடந்தவர் இல்லை. காலில் குத்தும் கல்லையும் முள்ளையும் அப்புறப்படுத்துவதையே தொண்டாக எடுத்துக்கொண்டவர்.

சாமி பார்த்துக்கும் என்றால் உண்டியலுக்கு எதுக்குப் பூட்டு? சிசிடிவி கேமரா எதுக்கு? உண்டியல் விஷயத்தில் சாமியை நம்பாதவர்கள் அண்ணன் கண் விஷயத்தில் மட்டும் நம்பிவிடுகிறோம்.

"பட்ஜெட் இல்லை."

இதற்குக் கோபம்தான் வருகிறது. முகம் முழுக்க மறைக்கும் வலைக் கவசம், கண்ணாடி, காது மூடி, முழங்கால் வரை வரும் பூட்ஸ், முன்பக்க ஏப்ரன். நாங்கள் ஹார்ட்வேர் கடையில் எல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டோம். ஒரு ஆளுக்கு 200 வெள்ளிக்குள் முடிந்தது. திருவிழாவுக்கு வந்த பூ மாலை பில்லோடு அதை வைத்துப் பாருங்கள்.

பணம் இல்லாமல் இல்லை. பேர் போடுவதற்கு இடம் இல்லை என்பதுதான் பிரச்சினை. தங்க வேல் உபயம் என்றால் கல்வெட்டில் பேர் வரும். முகக் கவசத்தில் யார் பேரைப் பொறிப்பது? அதனால் யாரும் முன்வருவதில்லை. அப்படிப் பேர்தான் வேண்டும் என்றால் வாருங்கள், ஏப்ரன் முதுகில் கொட்டை எழுத்தில் உங்கள் குடும்பப் பேரை எழுதிப் போட்டுக்கொள்கிறோம். எங்களுக்கு வெட்கமில்லை.

"கொண்ட்ராக்டருக்குக் குடுத்துடலாம். இல்லன்னா மருந்து அடிச்சிடலாம்."

கொண்ட்ராக்டர் அனுப்புகிற வங்காளதேசத்துத் தம்பிக்கு மட்டும் கண் ரெண்டு இல்லையா? அவனும் சிலிப்பரோடு வந்து நின்றால் பாவம் கை மாறுகிறதே தவிரக் கழியவில்லை. காசு கொடுத்து வேலை வாங்கினால் சட்டமும் பேச ஆரம்பித்துவிடும். நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முன்பு சில துறைகளுக்குத்தான் இருந்தது. 2024 ஜூன் 1-லிருந்து ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்துவிட்டது. முதலாளி கடமை தவறினால் அபராதம் 500,000 வெள்ளி வரை போகலாம். இன்னொன்றையும் யோசியுங்கள். சம்பளம் வாங்காத தொண்டர் யாருக்கும் தொழிலாளி இல்லை. முதலாளி கட்டும் சொக்சோ தொழிலாளிக்குத்தான். அப்படியென்றால் கூலிக்கு வருகிறவருக்காவது கேட்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. பக்தியோடு வருகிறவருக்கு நம்மை விட்டால் வேறு யாரும் இல்லை.

மருந்து அடிக்கலாம் என்கிற பேச்சு வந்தபோது எங்கள் குழுவில் ஒரு அக்கா எழுந்து நின்றார். அவர் அம்மா தோட்டத்தில் மருந்து அடித்தவர். முதுகில் பம்பு, கையுறை இல்லை, முகமூடி இல்லை, மூக்கில் ரத்தம், நகம் கறுத்துப் போகும். ஐரின் பெர்னாண்டஸ் நடத்திய தெனாகானித்தா அமைப்பு, மருந்து அடித்த தோட்டத்துப் பெண்கள் பட்ட பாட்டை 2002-ல் அறிக்கையாகவே வெளியிட்டது. பாராகுவாட் என்கிற அந்தக் கொடிய மருந்துக்கு இந்த நாட்டில் முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-ல்தான். அந்த அக்கா கேட்டது ஒரே கேள்வி: "எங்கம்மாவுக்குக் கையுறை குடுக்கலன்னு எஸ்டேட்டுக்காரன ஆயுசுக்கும் திட்டுறோம். நாம இந்த அண்ணனுக்கு என்னத்தக் குடுத்தோம்?"

கூட்டத்தில் பதில் சொல்ல ஆள் இல்லை.

கிள்ளான் மண்ணில் உட்கார்ந்துகொண்டு இதை மறக்கலாமா? 1941-ல் இந்த வட்டாரத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். துரை எதிரே சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம், ஒழுங்கான வைத்தியம் வேண்டும், கள்ளுக்கடையை மூடு என்று கேட்டார்கள். ஆர்.எச்.நாதன் கைதானார், நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. உழைக்கிறவன் உடம்புக்கும் மரியாதை உண்டு என்று உயிரைக் கொடுத்துச் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். துரை இடத்தில் இன்றைக்குச் செயலவை நாற்காலி இருக்கிறது, அவ்வளவுதான். அதில் உட்காருகிறவர்கள் நம்ம ஆட்கள், எங்களையும் சேர்த்து.

"நாப்பது வருஷமா இப்படித்தான் வெட்டுறோம். ஒண்ணும் ஆகல."

ஆகியிருக்கிறது. நாம் கேட்கவில்லை. நம் கோயில்களில் பல வருஷம் புல் வெட்டின பெரியவர்களிடம் மெதுவாகப் பேசிப் பாருங்கள். "என்ன தம்பி, சத்தமா சொல்லுங்க" என்பார்கள். மிஷின் சத்தம் 100 டெசிபலை ஒட்டி இருக்கும். நம் நாட்டின் 2019 சத்த விதிமுறை ஒரு நாள் வேலைக்கு 82 டெசிபலைத் தாண்டினாலே அதிக சத்தம் என்கிறது. நாதஸ்வரம் கேட்டுக் கண் மூடுகிற அந்தப் பெரியவருக்கு நாதஸ்வரம் சரியாகக் கேட்கிறதா என்று யாராவது கேட்டோமா? விரல் மரத்துப் போவதும் அதிர்வினால் வருகிறதுதான். அவர்கள் 'வயசாச்சு' என்று சொல்லிக்கொள்கிறார்கள். நாமும் தலையாட்டுகிறோம்.

சரி, குறை சொன்னது போதும். என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லாவிட்டால் எங்களுக்குப் பேச உரிமை இல்லை. இது எங்கள் குழு இப்போது கடைப்பிடிக்கும் ஒழுங்கு. உங்கள் கோயிலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. மிஷினைத் தொடுவதற்கு முன் வாளியைத் தொடுங்கள். வெட்டப் போகிற இடத்தை ரெண்டு பேர் நடந்து பொறுக்க வேண்டும். சிதறுகாய்ச் சில்லு, உடைந்த அகல் விளக்கு, பந்தல் கம்பி, ஆணி, ஊதுபத்திக் குச்சி, மாலை கட்டின நைலான் நார். கோயில் புல்லில் கிடக்கிற சாமான் வீட்டுப் புல்லில் கிடக்காது. எங்களுக்கு முதல் தடவை ரெண்டு வாளி நிறைந்தது. பக்தர்கள் வெறுங்காலில் நடக்கிற மண் இது, எப்படியும் பொறுக்க வேண்டியதுதானே. பழைய டப்பாவில் தேங்கின தண்ணீரும் அப்போதே கண்ணில் படும், டிங்கி கொசுவுக்கும் ஒரு வழி பிறக்கும்.

ரெண்டு. மறைப்பு இல்லாத மிஷின் ஸ்டோரை விட்டு வெளியே வரக் கூடாது. மறைப்பில் இருக்கிற சின்னக் கத்திதான் கயிறு நீளத்தை அளவாக வெட்டும். அதைக் கழற்றி நீளமாக விட்டால் கல் பறப்பதோடு இன்ஜினும் திணறிச் சூடாகிக் கெட்டுப் போகும். கயிறுக்குப் பதில் சங்கிலி, கம்பி மாட்டுகிற வேலையே வேண்டாம். பிரிட்டனில் சங்கிலித் துண்டு பறந்து ஓர் உயிர் போன பிறகு, அந்த மாதிரித் தலைகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012-ல் விற்பனையிலிருந்தே நிறுத்தச் சொல்லிவிட்டது.

மூன்று. கவசம் போடாதவர் கையில் மிஷின் இல்லை. தலைவராக இருந்தாலும் சரி.

நான்கு. பெட்ரோலை மினரல் வாட்டர் போத்தலில் வைக்கக் கூடாது. இதற்கும் எங்களிடம் கதை உண்டு. விளக்கெண்ணெய் பக்கத்தில் இருந்த போத்தலை எடுத்து ஒரு தங்காச்சி விளக்கில் ஊற்றப் போனார். மூடியைத் திறந்ததும் வாசனை வந்ததால் தப்பித்தோம். எரிந்துகொண்டிருந்த விளக்கு அது. சிவப்பு டின் வாங்கி, மேலே எழுதி, சூடமும் எண்ணெயும் இல்லாத தனி இடத்தில் வையுங்கள். மிஷின் சூடாக இருக்கும்போது எண்ணெய் ஊற்றாதீர்கள். நிறுத்தி ஆற விட்டு, ஹோம குண்டத்துக்கும் விளக்குக்கும் தூரமாகப் போய் ஊற்றுங்கள்.

ஐந்து. கலவையைக் கண்ணால் அளக்காதீர்கள். டூ-ஸ்ட்ரோக் மிஷினுக்கு 25-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில். 50-க்கு 1 என்றால் 20 மில்லி. எது என்று மிஷின் புத்தகத்தில் இருக்கும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் புகை அடித்து பிளக் கறுத்துவிடும். போர்-ஸ்ட்ரோக் என்றால் ஆயில் தனியாக, கலக்கவே கூடாது. ஒரு மாசத்துக்கு மேல் நின்ற கலவையை ஊற்றாதீர்கள். தைப்பூசத்துக்கு வெட்டிவிட்டு அப்படியே வைத்து, பங்குனி உத்திரத்துக்கு எடுத்துக் கயிறை இழு இழு என்று இழுத்துத் தோளைக் கெடுத்துக்கொள்கிறோமே, அது மிஷின் தப்பு இல்லை. பழைய பெட்ரோல் கார்புரேட்டரில் பசையாகப் படிந்துவிடுகிறது. வேலை முடிந்தால் டாங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓட விட்டு வையுங்கள்.

ஆறு. ஒவ்வொரு முறையும் ஏர் பில்டரைக் கழற்றித் தட்டுங்கள். பிளக்கைப் பாருங்கள். கீழே இருக்கும் கியர் பெட்டிக்கு கிரீஸ் வையுங்கள். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் தலை சுற்றிக்கொண்டே இருந்தால் வெட்டாதீர்கள், கடைக்குக் கொண்டு போங்கள். கயிறில் நார் மாட்டினால் இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். 'சும்மா ஒரு நிமிஷம்' என்று விரலைக் கொடுத்தவர்கள் உண்டு.

ஏழு. பூஜை நேரத்தில், பிள்ளைகள் தேவார வகுப்புக்கு வரும் நேரத்தில் மிஷின் ஓடக் கூடாது. ஒருவர் வெட்டினால் இன்னொருவர் தள்ளி நின்று ஆள் வராமல் பார்க்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை ஆள் மாற வேண்டும். 63 வயசுக்காரரை வெயிலில் மூணு மணி நேரம் விட்டுவிட்டு நாம் நிழலில் தேத்தண்ணி குடிப்பதற்குப் பேர் தொண்டு இல்லை.

இளைஞர்கள் கோயில் பக்கம் வருவதில்லை என்று மேடைக்கு மேடை புலம்புகிறோம். எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். அங்கே கவசம் இல்லாமல் உள்ளே காலே வைக்க முடியாது. இங்கே வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, என் கம்பெனிக்கு என் கண்ணு மேல இருக்கிற அக்கறை கோயிலுக்கு இல்லையா?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். நாங்கள் சிரிக்கவில்லை.

செயலவையினர் மேல் எங்களுக்குப் பகை இல்லை. அவர்களும் சம்பளம் வாங்காமல் உழைக்கிறவர்கள்தான். இந்த ஆண்டுக் கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் போடச் சொல்கிறோம்: உழவாரக் குழுவின் பாதுகாப்புச் சாமானுக்கு வரவு செலவில் தனி வரி. அன்னதானத்துக்கு, பூவுக்கு, மேளத்துக்கு இருக்கிற மாதிரி. பக்தர்களும் கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் நடக்கும். அடுத்த ஞாயிறு உங்கள் கோயிலில் வெறும் கண்ணோடு புல் வெட்டுகிறவரைப் பார்த்தால் 'பாவம்' என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஆபீசுக்குப் போய்க் கேளுங்கள்.

மண்டோர் அண்ணன் திருவிழாவுக்கு வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தீபாராதனைக்கு முன்வரிசையில் நின்றார். வலது பக்கமாகத் தலையைத் திருப்பித் திருப்பி அம்மனைப் பார்த்தார். முடிந்ததும் எங்களிடம் வந்து, "பின்னாடி மதிலு ஓரம் திரும்ப வளந்துடுச்சே, எப்ப வெட்டப் போறீங்க?" என்று கேட்டார்.

வெட்டிவிட்டோம் அண்ணே. முதலில் பொறுக்கிவிட்டு, மறைப்பு மாட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு வெட்டினோம். உங்களுக்கு முன்னாடியே செய்திருக்க வேண்டியது.

பகிருங்கள், அன்பர்களே. உங்கள் கோயில் தலைவர் கண்ணில் படும் வரை பகிருங்கள்.

உழவாரக் குழுவினர், கிள்ளான்